சான்-லஸார் முதல் தேம்ஸ் வரை: ஓவியங்கள் பிறந்த ரயில் பாதையில் ஏழு நாள்

முதல் நாள், புதன்: பாரிஸ்

நொடிக்கு நொடி மாறும் வெளிச்சத்தை வரைந்த 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களை, முக்கியமாக மோனேயை, அவர்கள் வரைந்த இடங்களிலேயே ரயிலில் தேடிப்போகும் பயணம் இது. இதற்கு வரைபடத்தை விரிப்பதற்கு முன் காலண்டரை எடுக்க வேண்டும். பாரிஸில் ஓர்சே, மர்மொத்தான் என்ற இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் திங்கள் விடுமுறை. ஒரான்ஜரி அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். நார்மண்டிப் பகுதியில் ருவான் நகர அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய். அங்கேயே துறைமுக நகரான லு ஆவ்ரின் அருங்காட்சியகத்துக்கு மறுபடி திங்கள். ஓர்சே வியாழன் மட்டும் இரவு 9.45 வரை திறந்திருக்கும். இவற்றை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் புதனன்று தொடங்கி அடுத்த செவ்வாயன்று லண்டனில் முடிக்கும் வரிசைதான் எங்கும் கதவில் முட்டாமல் ஓடுகிறது. சனிக்கிழமை தொடங்கினால் இரண்டு இடமாவது கைவிட்டுப் போகும்.

மாதம் ஜூன். மோனே வாழ்ந்த ஜிவெர்னி ஊரில் அவருடைய தோட்டம் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரைதான் திறக்கிறது. அங்குள்ள ஜப்பானியப் பாலத்தின் மேல் விஸ்டீரியாக் கொடி பூப்பது மே மாதம். குளத்து அல்லி ஜூனில் தொடங்கி ஜூலை, ஆகஸ்டில் நிறையும். இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது. எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

ரயில் பாஸ் வாங்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இந்த வழிக்கு வேண்டாம். நார்மண்டிப் பகுதி ரயில்கள் குறுந்தூரம். லண்டன் போகும் யூரோஸ்டாரில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கும் இருக்கைகள் கொஞ்சம்தான், அதற்கும் தனிக் கட்டணம். யூரோஸ்டார் டிக்கெட்டை மட்டும் மாதக்கணக்கில் முன்பே எடுத்துவிட்டு, மற்றவற்றைத் தனித்தனியாக வாங்குவதே கணக்குக்குச் சரி.

முதல் மாலை அருங்காட்சியகம் எதுவும் இல்லை. சான்-லஸார் ரயில் நிலையம் போதும். பாரிஸிலிருந்து ருவானுக்கு 1843-இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1847-இல் அது கடற்கரை லு ஆவ்ர் வரை நீண்டது. மோனே, பூதன், கயிபோத், பிஸாரோ ஆகிய ஓவியர்களின் வாழ்க்கையில் பாதி இந்தத் தண்டவாளத்தை ஒட்டியே நடந்தது. 1877-இன் தொடக்கத்தில் மோனே இந்த நிலையத்தையே 12 முறை வரைந்தார். அதில் 7 ஓவியங்களை அந்த ஏப்ரலில் நடந்த மூன்றாவது இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் வைத்தார். கண்ணாடிக் கூரைக்கடியில் நீராவி சிக்கிக்கொண்டு நீலமாகவும் ஊதாவாகவும் மாறுவதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இப்போது மின்சார ரயில். புகை இல்லை, முக்கோணக் கூரை அப்படியே நிற்கிறது. பிளாட்பாரப் பக்கம் போக டிக்கெட்டைக் காட்டித் திறக்கும் கதவுகள் இருப்பதால் கூரையை வெளிக்கூடத்திலிருந்துதான் பார்க்கலாம். உள்ளே நின்று பார்க்கும் வாய்ப்பு வெள்ளிக்கிழமை கிடைக்கும்.

நிலையத்துக்குப் பின்னால் தண்டவாளங்களுக்கு மேலே போகிறது யூரோப் பாலம். கயிபோத் 1876-இல் வரைந்த பெரிய இரும்புக் குறுக்குச் சட்டங்களைத் தேடாதீர்கள். பாலம் பிற்பாடு மாற்றிக் கட்டப்பட்டது. அங்கிருந்து வடக்கே ஐந்து நிமிட நடையில் டப்ளின் சதுக்கம். கயிபோத்தின் மழைநாள் பாரிஸ் தெரு இதுதான். ஓவியம் சிகாகோவில் இருக்கிறது. கூர்முனைக் கட்டடங்கள் இங்கேயே இருக்கின்றன. மழை பெய்தால் கொடுத்துவைத்தவர்கள்.

இரண்டாம் நாள், வியாழன்: மூன்று அருங்காட்சியகங்கள்

காலை 9 மணிக்கு ஒரான்ஜரி, கதவு திறக்கும்போதே. நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம். பாரிஸ் மியூசியம் பாஸ் கையில் இருந்தாலும் தனியாக நேரம் பதிய வேண்டும். பாஸ் இருக்கிறதே என்று நேராக வந்து வாசலில் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு.

இரண்டு நீள்வட்ட அறைகள். எட்டுப் பெரிய அல்லிக்குள ஓவியங்கள். எல்லாம் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம், சேர்த்து வைத்தால் கிட்டத்தட்ட 100 மீட்டர் நீளம். மோனே இறந்தது 1926 டிசம்பரில். அறைகள் திறந்தது 1927 மே மாதம். வெளிச்சம் கூரைவழியே வரும் பகல் வெளிச்சம். இடையில் மேலே ஒரு தளம் கட்டி அதை அடைத்துவிட்டார்கள். 2006-இல் முடிந்த சீரமைப்பில்தான் அந்தத் தளத்தை நீக்கி வெளிச்சத்தை மீட்டார்கள். அதனால் மேகம் கடக்கும்போது ஓவியமும் நிறம் மாறும். நடுவில் இருக்கும் இருக்கையில் இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் இது கண்ணுக்குப் படும். நடந்துகொண்டே படம் எடுப்பவர்களுக்குப் படாது. பத்தரைக்கு மேல் குழுக்கள் வந்துவிடும், இருக்கையும் போய்விடும்.

அடுத்தது மர்மொத்தான். மெட்ரோ 9-ஆம் தடம், லா முயெத் நிலையம், பிறகு பத்து நிமிட நடை. மியூசியம் பாஸ் இங்கே செல்லாது. பாஸ் எடுத்தே ஆக வேண்டுமா என்று யோசிக்க இதுவும் ஒரு காரணம். ஓர்சே, ஒரான்ஜரி இரண்டை மட்டும் பார்ப்பவருக்குத் தனி டிக்கெட்டே மலிவு.

இயக்கத்துக்குப் பெயர் கொடுத்த 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' இங்கே இருக்கிறது. 48க்கு 63 செ.மீ., நினைத்ததைவிடச் சிறியது. 1874 ஏப்ரல் 15-இல் கபுசீன் புல்வாரில், புகைப்படக்காரர் நதாரின் பழைய ஸ்டுடியோவில் முதல் கண்காட்சி திறந்தது. பத்து நாள் கழித்து லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் இந்தத் தலைப்பைப் பிடித்துக் கேலி செய்தார். கேலிதான் பெயராக ஒட்டிக்கொண்டது. 1985-இல் இந்த ஓவியம் இதே கட்டடத்திலிருந்து கொள்ளை போய், 1990-இல் கோர்சிகா தீவில் கிடைத்தது.

ஒரு சோதனை. போன் கேமராவைக் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றி ஓவியத்தைப் பாருங்கள். ஆரஞ்சுச் சூரியன் ஏறக்குறைய காணாமல் போகும். சூரியனும் சுற்றியுள்ள சாம்பல் வானமும் வேறு வேறு நிறம், ஒளியளவு ஒன்றே. நிறத்தைப் பிரித்தறியும் பார்வை அங்கே ஒரு சூரியனைக் காண்கிறது, ஒளியளவை மட்டும் பார்ப்பது ஒன்றையும் காண்பதில்லை. அந்த வட்டம் துடிப்பது போலத் தோன்றுவதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அச்சிட்ட நகல்களில் சூரியனைப் பளிச்சென்று ஏற்றிவிடுவதால் இந்த வித்தை செத்துப்போகிறது.

கீழ்த்தளத்தில் மோனே கடைசிக் காலத்தில் வரைந்த ஜப்பானியப் பாலங்கள். செம்மையும் பழுப்புமாகக் குழம்பி, பாலம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கண்புரை முற்றியிருந்த ஆண்டுகள் அவை. 1923-இல்தான் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நாளை அசல் பாலத்தைப் பார்க்கப் போகிறோம் என்பதால் இவற்றின் முன் சற்று நின்றுவிட்டு வருவது நல்லது.

மாலை 6-க்கு மேல் ஓர்சே. 1900-இல் உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம். நீண்ட விரைவு ரயில்களுக்கு அதன் பிளாட்பாரங்கள் போதாமல் போயின. 1986-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. நேரே ஐந்தாவது தளத்துக்கு ஏறி, அங்கிருந்து கீழே இறங்கி வருவதே சரியான வரிசை. கீழே தொடங்குபவர்கள் ஐந்தாவது தளம் வரும்போது கால் ஓய்ந்திருப்பார்கள். ரெனுவாரின் 'மூலன் த லா கலெத்' நடனம் (1876), கயிபோத்தின் தரை இழைப்பவர்கள் (1875), மோனேயின் சான்-லஸார் நிலையம் எல்லாம் இங்கே. நேற்று நின்ற அதே முக்கோணக் கூரை. நம் பயணத்துக்கு மிக முக்கியமானவை மோனே வரைந்த ருவான் கதீட்ரல் (பேராலயம்) ஓவியங்கள் ஐந்து. வெண்மை, நீலம், பழுப்பு, சாம்பல், நீலமும் பொன்னும் என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்பிலேயே நிறம் சொல்லியிருக்கும். தலைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை தேவைப்படும்.

எந்த ஓவியமும் இரவல் போயிருக்கலாம். கிளம்பும் முன் அருங்காட்சியகத் தளத்தில் அந்த ஓவியத்தின் பக்கத்தைத் திறந்து, இப்போது சுவரில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள், வெள்ளி: வெர்னோன், ஜிவெர்னி

பெரிய பெட்டியைப் பாரிஸ் ஓட்டலிலேயே விட்டுவிடுங்கள். ஞாயிறு இரவு திரும்பி வருகிறோம். இரண்டு இரவுக்கான சிறு முதுகுப்பை மட்டும் போதும். ஜிவெர்னிக்குப் பெட்டியோடு போவது பெரும்பாடு; தோட்டத்துக்குள் அதை விட மாட்டார்கள், வைத்துவிட்டுப் போக இடமும் இல்லை.

சான்-லஸாரில் பிளாட்பார எண் புறப்படுவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்புதான் பலகையில் வரும். கதவுகள் புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடும். நார்மண்டி ரயில்கள் நோமாட் என்ற பெயரில் ஓடுகின்றன. ருவான், லு ஆவ்ர் போகும் வேகமானவற்றில் இருக்கை எண் உண்டு. மற்ற சிலவற்றில் இல்லை. டிக்கெட்டில் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலைநிறுத்த அறிவிப்பு இருந்தால், மறுநாள் ஓடும் ரயில்களின் பட்டியல் முந்தைய நாள் மாலை 5 மணிக்குத் தெரிந்துவிடும்.

போகும் திசையில் வலப்பக்க சன்னல். புறப்பட்ட சில நிமிடங்களில் ரயில் அஸ்னியேரில் செய்ன் நதியைக் கடக்கிறது. அந்தப் பாலத்தை நினைவில் வையுங்கள், லண்டனில் மறுபடி வரும். புவாஸியைத் தாண்டிய பிறகு பாதை நதியின் இடக்கரையில் ஓடுவதால் தண்ணீர் வலப்பக்கமே தெரியும். வெர்னோன் ஏறத்தாழ 50 நிமிடம்.

நிலையத்திலிருந்து ஜிவெர்னி 5 கி.மீ., நதிக்கு அக்கரை. ரயில் வரும் நேரத்துக்குப் பேருந்து நிற்கும். இறங்கியவர்கள் எல்லோரும் அதை நோக்கியே ஓடுவார்கள். நல்ல வழி வாடகை சைக்கிள். அக்கரையில் சைக்கிள் பாதை பழைய ரயில் தடத்தின் மேலேயே போகிறது. அந்தச் சிறு ரயில் மோனே வீட்டுத் தோட்டத்துக்கும் குளத்துக்கும் நடுவே ஓடியது. 1883-இல் குடிவந்தவர் 1893-இல் தண்டவாளத்துக்கு அப்பாலிருந்த நிலத்தை வாங்கி, எப்த் ஆற்றின் கிளையைத் திருப்பிக் குளம் வெட்டினார். அயல்நாட்டுச் செடிகளால் தண்ணீர் கெட்டுவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். தனிமையின் சின்னமாக உலகம் கொண்டாடும் அல்லிக்குளத்துக்கு அருகில் புகைவண்டி கூவிக்கொண்டு போனது என்பது ஓவியங்களில் தெரியாது.

தோட்டம் 9.30-க்குத் திறக்கும். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுங்கள். நுழைந்ததும் எல்லோரும் வீட்டு வரிசையில் நிற்பார்கள். நீங்கள் பூப்பாத்திகளைக் கடந்து, சாலைக்கடியில் போகும் சுரங்க நடைவழியாக நேரே குளத்துக்குப் போங்கள். முதல் முக்கால் மணி நேரம் பாலம் கிட்டத்தட்ட காலியாக இருக்கும். பாலம் ஜப்பானிய வழக்கப்படி சிவப்பு இல்லை, பச்சை. ஒரான்ஜரியில் 100 மீட்டர் நீண்ட தண்ணீர் இங்கே இவ்வளவு சிறியதா என்று தோன்றும். பாலத்தைவிட எதிர்க்கரையில் குனிந்து, வானம் தெரியாமல் நீர்ப்பரப்பை மட்டும் பார்ப்பது நல்லது. மோனே கரையையும் தொடுவானத்தையும் விட்டுவிட்டு வரைந்தார் என்பது அங்கேதான் புரியும்.

வீட்டில் மோனேயின் அசல் ஓவியம் ஒன்றும் இல்லை. ஸ்டுடியோவில் இருப்பவை நகல்கள். ஏமாற வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது அவர் சேர்த்த 200க்கும் மேற்பட்ட ஜப்பானிய மர அச்சுப் படங்களும் மஞ்சள் சாப்பாட்டு அறையும். அசல் வேண்டுமானால் திரும்பும் வழியில் வெர்னோன் நகர அருங்காட்சியகம். 1908-இல் வரைந்த வட்ட வடிவ அல்லிக்குளம் ஒன்று இருக்கிறது, கூட்டமே இருக்காது.

மாலை ரயிலில் ருவான், 40 நிமிடம்.

நான்காம் நாள், சனி: ருவான்

இன்று ஒரே கட்டடத்தை நான்கு முறை பார்க்கும் நாள்.

மோனே 1892, 1893 இரு ஆண்டுகளிலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்கே இருந்தார். கதீட்ரலுக்கு எதிரே மாடி அறைகளில், அவற்றில் ஒன்று பெண்கள் ஆடைக் கடையின் மேல்தளம், வரிசையாகக் கித்தான்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். 30-க்கு மேல் ஓவியங்கள். பிறகு ஜிவெர்னியில் வைத்துத் திருத்தி 1894 என்று தேதியிட்டார். 1895-இல் பாரிஸில் ஓவிய வணிகர் தூராண்-ருயேல் 20 ஓவியங்களைக் காட்டினார்.

முகப்பு மேற்கு பார்த்தது. கடிகாரக் கணக்கு இங்கேதான் பலரைக் கவிழ்க்கிறது. கோடையில் பிரான்ஸ் கடிகாரம் கிரீன்விச்சுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறத்தாழ 2 மணிக்கு. காலை 10 மணிக்கு வந்து, முகப்பு இருட்டாக இருக்கிறதே என்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்கள் பார்த்தது நீலக் காலை மட்டும். சரியான வரிசை இப்படி: காலை 8-க்கு ஒருமுறை, சூரியன் கட்டடத்துக்குப் பின்னால், கல் நீலச்சாம்பலாகவும் விளிம்பு மட்டும் ஒளியாகவும் இருக்கும். 2 முதல் 3 மணிக்குள் ஒருமுறை, வெயில் முகப்பை உரசிக்கொண்டு விழும். செதுக்கல்களின் நிழல் நீளமாகக் கிடைக்கும் நேரம் இது. 6 மணிக்கு நேர் வெயில், எல்லாம் வெளிறிப் பொன்னாகும். கடைசியாக 9 மணிக்கு. ஜூனில் சூரியன் மறைய இரவு 10 ஆகும். அதற்கு முன் எதிர்வீடுகளின் நிழல் அடியிலிருந்து ஏறி, கோபுரங்கள் மட்டும் எரியும். ஓர்சேயில் குறித்த தலைப்புகளை இப்போது எடுத்துப் பாருங்கள்.

மேகமூட்டமாக இருந்தால் வருத்தப்பட வேண்டாம். ருவான் அருங்காட்சியகத்தில் இருக்கும் கதீட்ரல் ஓவியம் மேகமூட்ட நாளுடையதுதான். 2024 ஜூலையில் நடுக்கோபுரத்தின் சீரமைப்புச் சாரத்தில் தீப்பிடித்தது. 151 மீட்டர் இரும்புக் கூம்பில் வேலை நடப்பதால் மேலே சாரம் தெரியலாம். மோனே அந்தக் கூம்பைப் பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டதால் நமக்கு நஷ்டமில்லை.

இடைவேளைகளில் நுண்கலை அருங்காட்சியகம். நிரந்தரத் தொகுப்புக்குக் கட்டணம் இல்லை. நிலக்கரி வணிகர் பிரான்சுவா தெபோ 1909-இல் கொடுத்த 53 ஓவியங்களால்தான் இந்த ஊருக்கு இம்ப்ரெஷனிசத் தொகுப்பு வந்தது. மோனேயின் கூட்டாளி சிஸ்லி வரைந்த போர்-மர்லி வெள்ளம் (1876) அதில் ஒன்று. மோனேயே எல்லாக் கவனத்தையும் பிடுங்கிக்கொள்வதால் சிஸ்லிக்கு முன் யாரும் நிற்பதில்லை. இங்கே நின்று பாருங்கள். தண்ணீரை அவரைவிட அமைதியாக வரைந்தவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. பிஸாரோவின் புவால்தியூ பாலம் (1896) பக்கத்திலேயே. அவர் ஓட்டல் சன்னலிலிருந்து வரைந்தார், மோனே மாதிரி கட்டடத்தை இல்லை, சரக்கு, புகை, கூலியாட்களை. இன்றைய பாலம் போருக்குப் பின் கட்டியது.

ஐந்தாம் நாள், ஞாயிறு: லு ஆவ்ர்

காலை ரயில், ஒரு மணி நேரத்துக்குள். ருவானை விட்டுச் சிறிது தூரத்தில் பரந்த்தான் செங்கல் மேம்பாலம், 27 வளைவுகள். கட்டியது ஆங்கிலேய ஒப்பந்தக்காரர்கள். 1846 ஜனவரியில் இடிந்து விழுந்தது, மறுபடி கட்டினார்கள். அதன் மேலேயே இன்றும் போகிறோம்.

ஓவியத்தில் பார்த்த ஊரைத் தேடி வந்தால் லு ஆவ்ர் அதிர்ச்சியாக இருக்கும். 1944 செப்டம்பர் குண்டுவீச்சில் நகர மையம் தரைமட்டமானது. கட்டடக் கலைஞர் ஒகுஸ்த் பெரே கான்கிரீட்டில் மறுபடி எழுப்பினார். 2005-இல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 'சூரியோதயம்' வரைந்த அமிராத்தே ஓட்டலும் போனது. அலைமட்டத்தையும் சூரியனின் இடத்தையும் கணக்கிட்டு, அந்தக் காட்சி 1872 நவம்பர் 13 காலை 7.35 வாக்கில் என்று வானியலாளர் டொனால்ட் ஓல்சன் முடிவுக்கு வந்தார். ஓட்டல் இருந்த சவுத்தாம்ப்டன் துறைமேடையில் நின்று தென்கிழக்கே பாருங்கள். கிரேன்கள் இன்றும் அதே இடத்தில் தலைதூக்கி நிற்கின்றன.

அந்திரே மால்ரோ அருங்காட்சியகம் ரயில் நிலையத்திலிருந்து அரை மணி நடை, துறைமுக வாயிலில், கண்ணாடிச் சுவரோடு. வார இறுதியில் காலை 11 முதல் மாலை 7 வரை. பூதனின் வானங்கள் ஒரு சுவர் முழுக்க இருக்கும். உள்ளங்கை அகலத்தில் மேகம், மேகம், மேகம். கேலிச்சித்திரம் விற்றுக்கொண்டிருந்த இளைஞன் மோனேயை வெளியே இழுத்துப்போய் நேரில் பார்த்து வரையவைத்தவர் இவர். தகரக் குழாயில் அடைத்த எண்ணெய் வண்ணம் 1841-இல் வந்த பிறகுதான் இப்படிக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தைக் கட்டிவைப்பார்கள். ஒருமுறை குத்தித் திறந்தால் காய்ந்துபோகும்.

மோனேயின் லண்டன் பாராளுமன்றம் ஒன்று இங்கே இருக்கிறது. நாளை மறுநாள் அந்த இடத்திலேயே நிற்போம்.

ஞாயிறு மாலை பாரிஸ் ரயில்கள் கடற்கரையிலிருந்து திரும்புபவர்களால் நிரம்பும். இந்த ஒரு டிக்கெட்டை முன்பே எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

இரவு தங்குவது காரே து நோர் நிலையத்தின் அருகே. காலை ரயில் அங்கிருந்துதான். பத்து நிமிட நடையில் ஈழத்தமிழர் கடைத்தெரு, அவர்கள் வாயில் லாச்சப்பல். ஐந்து நாள் ரொட்டிக்கும் சீஸுக்கும் பிறகு தோசையோ கொத்துரொட்டியோ தேவைப்படும்.

ஆறாம் நாள், திங்கள்: லண்டனுக்கு

யூரோஸ்டார், ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். புறப்படுவதற்கு 30 நிமிடம் முன் கதவு மூடிவிடும். பிரெஞ்சு, பிரிட்டிஷ் இரண்டு கடவுச்சீட்டுச் சோதனையும் பாரிஸிலேயே என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்பே போவது நல்லது. ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தனி விசா எடுக்க வேண்டும். ஊர் திரும்பும் விமானம் பாரிஸிலிருந்து என்றால் ஷெங்கன் விசா பலமுறை நுழையத்தக்கதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை விசாவோடு லண்டன் போய்விட்டால் திரும்ப முடியாது. ஆகவே டிக்கெட்டை லண்டனிலிருந்தே போட்டுவிடுவது எளிது.

மதியம் நேஷனல் கேலரி, அனுமதி இலவசம், திங்களும் உண்டு. முதலில் பிரெஞ்சுக்காரர்களை விட்டுவிட்டு ஆங்கில ஓவியர் டர்னரின் 'மழை, நீராவி, வேகம்' (1844). மோனேயும் பிஸாரோவும் 1870-71 பிரான்ஸ்-பிரஷ்யப் போருக்குத் தப்பி லண்டன் வந்தபோது டர்னரைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மோனேயின் சான்-லஸார் (1877). பாரிஸில் பார்த்ததன் உடன்பிறப்பு. டர்னருக்கும் இதற்கும் இடையில் 33 ஆண்டு. டர்னரில் ரயில் புயலைப் போல நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. மோனேயில் அது வீட்டுப் பிராணி போல நின்று மூச்சு விடுகிறது.

பிறகு ஸெராவின் 'அஸ்னியேரில் குளிப்பவர்கள்' (1884). பின்னணியில், பையன்களின் தலைக்கு மேலே, ரயில் பாலம். வெள்ளிக்கிழமை கடந்தது அதைத்தான்.

ஏழாம் நாள், செவ்வாய்: தேம்ஸ்

காலை 10 மணிக்கு சோமர்செட் ஹவுஸில் கோர்ட்டால்ட். கட்டணம் உண்டு. எல்லோரும் மானேயின் (மோனே இல்லை, வேறு ஓவியர்) ஃபோலி-பெர்ஜேர் மதுக்கடை (1882) முன் குவிவார்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பம் ஏன் தப்பான இடத்தில் இருக்கிறது என்ற வாதம் இன்னும் முடியவில்லை. இந்தப் பயணிகள் தேட வேண்டியது பிஸாரோவின் லார்ட்ஷிப் லேன் நிலையம் (1871). புதுக் குடியிருப்பு, வெற்றுச் சரிவு, நேராக வரும் ஒரு சிறிய ரயில். அரிவாளோடு ஒரு ஆளை வரைந்து, பிறகு அவரே அழித்துவிட்டார் என்று பிற்கால ஆய்வு காட்டியது. அந்தப் பாதை 1954-இல் மூடப்பட்டது.

வெளியே வந்தால் சில நிமிட நடையில் சவோய் ஓட்டல். 1899, 1900, 1901 மூன்று ஆண்டும் மோனே இங்கே தங்கி, பால்கனியிலிருந்து இடப்பக்கம் வாட்டர்லூ பாலத்தையும் வலப்பக்கம் சேரிங் கிராஸ் ரயில் பாலத்தையும் வரைந்தார். முதல் முறை இலையுதிர்காலம்; பனிப்புகை வேண்டும் என்றே அடுத்த இரண்டு முறையும் குளிர்காலத்தில் வந்தார். அந்த நிறங்கள் நிலக்கரிப் புகை தந்தவை. இன்று நவம்பரில் வந்தாலும் கிடைக்காது.

ரயில் பாலத்தின் இருபுறமும் நடைபாலங்கள் உண்டு. கிழக்குப் பக்கத்தில் வாட்டர்லூ தெரியும், மேற்குப் பக்கத்தில் பாராளுமன்றம். மேற்கில் ஏறித் தென்கரைக்கு இறங்கி, அதே கரையில் ஆற்றோரமாகவே வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைத் தாண்டிப் போனால் செயின்ட் தாமஸ் மருத்துவமனை. அதன் ஆற்றோரத் திண்ணையில் நின்றுதான் மோனே பாராளுமன்றத்தை வரைந்தார். உள்ளே போகத் தேவையில்லை; மதில் ஓரத்து நடைபாதையில் அதே கோணம் கிடைக்கும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன் போய் நில்லுங்கள். கட்டடம் எதிரொளியில் ஒற்றைக் கருநீல வெட்டாக மாறும்வரை காத்திருக்க வேண்டும். ஜூனில் அதற்கு 9 மணியாவது ஆகும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.